‘அந்த நாள்’: செவிக்கு எழுதியது கண்ணுக்கு வந்த கதை

தமிழ்த் திரைப்படம் நாடக மேடையின் வயிற்றில் பிறந்த பிள்ளை. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபோது திரையில் தோன்றியவர்களும், அவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர்களும், எதிரே அமர்ந்து பார்த்தவர்களும் பெரும்பாலும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்களே. நம் பகுதிக்கு இது புதிய செய்தி அன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்கள், கரிசல் காட்டு ஊர்களில் கோயில் கொடை என்றால் விடிய விடிய நடந்தவை. நாடகம் பார்த்துவிட்டு வந்தவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டால், கதையைப் பற்றி அவர் சொல்லமாட்டார், கதைதான் எல்லாருக்கும் தெரியுமே! ராஜபார்ட் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார், பபூன் என்ன பாட்டுக் கட்டினார் என்பதைத்தான் சொல்வார். அந்தக் காதுதான் பின்னர் டூரிங் டாக்கீஸ் மணலில் போய் உட்கார்ந்தது.

மேடையிலிருந்து பாட்டு முதலில் வந்தது. பேச்சு அடுத்து வந்தது. அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ நாடகம் 1949இல் படமாயிற்று. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம் 1952இல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தோடு ‘பராசக்தி’ ஆயிற்று. எம். ஆர். ராதா ஊர் ஊராக நடத்திவந்த ‘இரத்தக்கண்ணீர்’ 1954இல் திரைக்கு வந்தது. இம்மூன்றிலும் கதாநாயகன் நின்று பேசுகிறான். காமிரா அவன் முன் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு ஒரு தலைமுறையை எழுப்பிவிட்ட பேச்சு. ஆனால் அது மேடையில் இருந்த இடத்திலேயே திரையிலும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘இரத்தக்கண்ணீர்’ வந்த அதே 1954இல், ஏப்ரல் 13ஆம் நாள், ஏவி.எம். நிறுவனத்தின் படம் ஒன்று வெளியாயிற்று. அதில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. முதல் காட்சியிலேயே கதாநாயகன் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துபோகிறான். படத்தின் பெயர் ‘அந்த நாள்’. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் உலகெங்கும் வீணை பாலசந்தர் என்று பெயர் பெற்றவர். தென்னிந்தியாவிலேயே பாடல் இல்லாமல் வந்த முதல் பேசும்படம் என்று அதைச் சொல்லிப் பாராட்டுவது வழக்கம். பாராட்டு நியாயமானதே. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அப்படத்தைப் பற்றி அதில் ‘இல்லாதவற்றை’ மட்டுமே அறிந்தவர்களாவோம். இருப்பது என்ன என்பதைப் பார்க்க, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை முதலிய நகரங்களுக்கும் வந்தது. அவ்விழாவின் வழியாகத்தான் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) நம்மவர் கண்ணில் பட்டது. காட்டில் ஒரு கொலை; அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்; எது உண்மை? அதைப் பார்த்த பாலசந்தர், அதே முறையில் ஒரு நாடகம் எழுதினார். எழுதியது மேடைக்காக அன்று. அகில இந்திய வானொலிக்காக. வானொலி நிலையம் அதை ஏற்கவில்லை. திரும்பி வந்த அந்தக் கதையைத்தான் அவர் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் சொன்னார். செட்டியார் படமெடுக்க இசைந்தார். திரைக்கதையையும் வசனத்தையும் ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்துப் பாத்திரத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்டவர் அவர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே ‘அந்த நாள்’ நாடகத்திலிருந்து வந்த படம்தான். ஆனால் அதன் தாய் கண்ணால் பார்க்கும் நாடகம் அன்று, காதால் கேட்கும் நாடகம். இந்த ஒரு வேறுபாடு படத்தின் உடம்பு முழுவதும் ஓடுகிறது என்பதே என் கருத்து.

அதற்குமுன், இப்படத்தை எந்த இனத்தில் சேர்ப்பது என்று பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்தபின் ‘மால்டீஸ் ஃபால்கன்’, ‘லாரா’, ‘டபுள் இண்டெம்னிட்டி’ போன்ற படங்கள் ஒரே நேரத்தில் பாரிசுக்கு வந்து இறங்கின. சேர்ந்தாற்போல் பார்த்ததால் அவற்றின் பொது முகம் தெரிந்தது. 1946இல் நீனோ ஃபிராங் என்னும் விமர்சகர் இவற்றுக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயரிட்டார். கரும்படம் என்று பொருள். கரிசல்காட்டுக்காரர்களாகிய நமக்குக் ‘கருப்பு’ என்பது வளத்தின் நிறம். பிரெஞ்சுக்காரர் சொன்னது வேறு பொருளில். இக்கதைகளில் குற்றவாளி வெளியிலிருந்து வருபவன் அல்லன், வீட்டுக்குள் இருக்கிறான். கதாநாயகன் என்று நம்பத்தக்க ஆள் கிடையாது. கதை நேராகச் செல்லாமல், நடந்து முடிந்ததிலிருந்து பின்னோக்கிப் போகிறது.

விளக்கமைப்பும் அதற்கேற்றது. படப்பிடிப்பில் சாதாரணமாக முகத்துக்கு ஒரு முதன்மை விளக்கு, அதனால் விழும் நிழலை நிரப்ப இன்னொரு விளக்கு, ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட முதுகுப் பக்கம் ஒரு விளக்கு என மூன்று வைப்பார்கள். நிரப்பும் விளக்கைக் குறைத்துவிட்டால் அல்லது அணைத்துவிட்டால் பாதி முகம் இருட்டில் போய்விடும். மின்சாரம் போன இரவில் அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பாட்டியின் முகத்தைப் பாருங்கள். அன்பான பாட்டிதான், ஆனால் மோவாய்க்குக் கீழிருந்து வெளிச்சம் விழுந்து, பின்சுவரில் அவள் நிழல் கூரைவரை எழுந்து நிற்கும்போது குழந்தை அழத்தான் செய்யும். விளக்கு இருக்கும் இடம் மாறினால் ஆள் மாறிவிடுகிறார். கரும்படத்தின் காமிராக்காரர் அறிந்து பயன்படுத்தும் இரகசியம் இதுதான்.

‘அந்த நாள்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மாருதி ராவ். ‘பராசக்தி’க்கும் அவரே. இரண்டிலும் சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தார்கள். ஒரே காமிராக்காரர், அதே நடிகர்கள், ஒன்றரை ஆண்டு இடைவெளி. ஒன்றில் எல்லாரும் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். மற்றொன்றில் யாருமே நம்மை நேராகப் பார்ப்பதில்லை. படிக்கட்டின் நிழல், சன்னல் கம்பியின் நிழல், கோணலாக வைத்த காமிரா. மேடை நாடகத்தில் வந்த படத்துக்கும் வானொலி நாடகத்தில் வந்த படத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

கரும்படங்கள் பல நாடகத்திலிருந்தே வந்தவை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ‘கேஸ் லைட்’ என்னும் லண்டன் மேடை நாடகம் இரண்டுமுறை படமாயிற்று. 1944இல் வந்த படத்தில் நடித்ததற்காக இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கார் பரிசு பெற்றார். ஃபிரெடரிக் நாட் எழுதிய ‘டயல் எம் ஃபார் மர்டர்’ நாடகத்தை ஹிட்ச்காக் படமாக்கி வெளியிட்டதும் ‘அந்த நாள்’ வந்த அதே 1954இல்தான். ஆனால் நம் படத்துக்கு நெருங்கிய உறவு இவை அல்ல; ‘சாரி, ராங் நம்பர்’ என்ற வானொலி நாடகமே. லூசில் ஃபிளெட்சர் எழுதி 1943இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பானது அது. படுக்கையில் கிடக்கும் ஒருத்தி, தொலைபேசி இணைப்புத் தவறிப்போனதால், யாரோ இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவதைக் கேட்டுவிடுகிறாள். அரைமணி நேரம், பெரும்பாலும் ஒரே பெண்குரல். 1948இல் அதைப் படமாக்கியபோது அரைமணியை ஒன்றரை மணியாக நீட்ட வேண்டியிருந்தது. எப்படி நீட்டினார்கள்? பின்னோக்கிப் போய்த்தான். தொலைபேசியில் பேசும் ஒவ்வொருவரும் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல, அது காட்சியாக விரிந்தது. காதுக்கு எழுதிய கதை கண்ணுக்கு வரும்போது நினைவுக் காட்சியைத் தேடிப் போவது இயல்பு போலும்.

இப்போது கதைக்கு வருவோம். 1943 அக்டோபர் 11. சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய இரவு. (அந்த மாதத்தில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு போட்டது நடந்த நிகழ்ச்சியே. அதற்கு முந்திய ஆண்டு, 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் பட்டணமே பாதி காலியாயிற்று. மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள்.) குண்டு விழுந்த மறுநாள் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். வெடிச்சத்தம் கேட்டுப் போலீசுக்கு ஓடுகிறார் பக்கத்து வீட்டுச் சின்னையா. வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். விசாரணை தொடங்குகிறது. சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, அம்புஜம் என்ற நடனக்காரி, ராஜனின் மனைவி உஷா. ஒருவர் மற்றவரைக் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட, விரல் ஒரு வட்டமாகச் சுற்றிவருகிறது. ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு காட்சியாக விரிகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு ராஜன்.

இந்த இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். வானொலியில் ஒரு பாத்திரம் “ராஜன் கல்நெஞ்சன்” என்று சொன்னால் அது ஒரு குரல் சொல்லும் சொல், அவ்வளவே. கேட்பவர் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சொல்பவரின் தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தால் ஐயம் பிறந்துவிடும். திரையில் அப்படி அன்று. ராஜன் கல்நெஞ்சனாக நடந்துகொள்வதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். கண்ணால் பார்த்த பிறகு அது ‘அவர் சொன்னது’ என்பதை மறந்துவிடுகிறோம். கண்ணால் காண்பதும் பொய் என்ற பழமொழி நம்மிடம் இருந்தும் நாம் கண்ணைத்தான் நம்புகிறோம். ஹிட்ச்காக் 1950இல் ‘ஸ்டேஜ் ஃபிரைட்’ படத்தில் ஒரு பொய்யை நினைவுக் காட்சியாகக் காட்டியதற்கு, பார்ப்பவர்களை ஏமாற்றிவிட்டார் என்று கண்டனம் எழுந்தது. பாலசந்தர் ஏமாற்றவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத ராஜன்களை வரிசையாக வைத்து, “இதில் எவனை நம்புகிறாய்?” என்று நம்மையே சிவானந்தத்தின் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்.

இதைச் செய்துகாட்ட நடிகன் வேண்டும். கல்கத்தாவைச் சேர்ந்த விசுவநாதனையும், எஸ். வி. சகஸ்ரநாமத்தையும் ராஜனாக வைத்துப் பார்த்துவிட்டு, நிறைவு ஏற்படாமல் கடைசியில் சிவாஜி கணேசனிடம் வந்தார்கள். ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சிக்குக் கைதட்டிய இரசிகர், அதே சிவாஜி இங்கே குரலைத் தாழ்த்தி, ஒரு பார்வையில், ஒரு உதட்டு அசைவில் மனிதனை மாற்றுவதைப் பார்த்து வியந்திருக்க வேண்டும். அல்லது ஏமாந்திருக்க வேண்டும். சகோதரனாக ஒருவன், கணவனாக ஒருவன், காதலனாக ஒருவன். ஆள் ஒருவனே, சொல்பவர் வேறு. சிவாஜி என்றதும் உரத்த வசனத்தை மட்டுமே நினைப்பவர்கள் இப்படத்தைப் பார்த்தால் தம் கருத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

‘ராஷோமோன்’ படத்தின் தழுவல் என்று இதைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதியே சரி. அகுதாகவா என்ற ஜப்பானிய எழுத்தாளரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட அப்படத்தில், இறந்தவனே ஒரு சாமியாடிப் பெண்ணின் வாய்வழி வந்து சாட்சி சொல்கிறான். அவனும் உண்மை சொன்னானா என்பது ஐயமே. ‘அந்த நாள்’ படத்தின் கட்டுக்கோப்பு, அந்தோணி ஆஸ்குவித் இயக்கிய ‘தி உமன் இன் குவெஸ்சன்’ (1950) என்ற ஆங்கிலப் படத்துக்கே அதிகம் நெருங்கியது. அதில் கொலையுண்டவள் ஒரு குறிசொல்லும் பெண். அவளை அறிந்த ஒவ்வொருவர் நினைவிலும் அவள் வேறு வேறு பெண்ணாக இருக்கிறாள். போலீஸ் அதிகாரி முடிவில் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

வேறுபாடு என்ன என்பதை நம் ஊர் உதாரணம் ஒன்றால் விளக்கலாம். கழுகுமலையில் வெட்டுவான் கோயில் ஏன் முற்றுப்பெறாமல் நிற்கிறது என்று கேட்டால், சிற்பியான தந்தைக்கும் மகனுக்கும் போட்டி என்றும், தந்தை மகனைக் கொன்றுவிட்டான் என்றும் கதை சொல்வார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் கதை மாறும். யார் பக்கம் பரிவு என்பதும் மாறும். வரலாற்று மாணவன் அதற்கு எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் கோயில் என்ற ஒரு விடையோடு நின்றுகொள்வான். கொலை நடந்ததா என்று அவனால் சொல்ல முடியாது. அந்த நிலையில் நம்மை விட்டுவிட்டுப் போவது ‘ராஷோமோன்’. பாலசந்தர் விடவில்லை. அவர் படத்தில் உண்மை ஒன்றுதான், அது மறைந்திருக்கிறது, கண்டுபிடித்தே தீர வேண்டும். 1954ஆம் ஆண்டுத் தமிழ் இரசிகரிடம் விடை சொல்லாமல் விளக்கைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவரும் செட்டியாரும் அறியாதவர்கள் அல்லர்.

வெட்டுவான் கோயிலைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மற்றக் கோயில்கள் கல்லின் மேல் கல்லை வைத்துக் கட்டியவை. இது ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி, வேண்டாததை நீக்கி நீக்கி உண்டாக்கியது. பாலசந்தர் செய்ததும் இந்த வேலையே. அன்றைய தமிழ்ப் படம் என்ற பாறையிலிருந்து பாட்டை நீக்கினார், ஆட்டத்தை நீக்கினார், சண்டையை நீக்கினார். நீக்கியவர் யார் என்பதுதான் வேடிக்கை. 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் சிறுவனாகக் கஞ்சிராவோடு தோன்றியவர். குருவென்று ஒருவரிடம் அமராமல் தாமே வீணை கற்றவர். 1982இல் பத்மபூஷண் பெற்றவர். சங்கீதம் தெரியாதவர் பாட்டை விலக்கியிருந்தால் இயலாமை என்று சொல்லியிருப்பார்கள். பாட்டு எங்கே கதையைக் கெடுக்கும் என்று அறிய, பாட்டு தெரிந்திருக்க வேண்டும். பின்னணி இசையை அவர் விலக்கவில்லை. காலடி ஓசை, கதவின் ஓசை, திடீரென்று வரும் மௌனம் ஆகியவற்றோடு அதைச் சேர்த்தார். இங்கேயும் வானொலி நாடகத்தின் கை தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு இப்படத்தைச் சிறிது நேரம் கேட்டுப் பாருங்கள். யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பது புரியும். அன்றைய படங்கள் பலவற்றில் அவ்வாறு கேட்டால் பாட்டும் வசனமும் கிடைக்கும், வீடு கிடைக்காது.

படம் முதல் வெளியீட்டில் நன்றாக ஓடவில்லை. இரசிகர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஒரு படத்தை ஊருக்குள் கொண்டுவந்தது சுவரொட்டி மட்டும் அன்று. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கியில் போட்ட இசைத்தட்டு, இவைதான் உண்மையான விளம்பரம். ‘அந்த நாள்’ படத்துக்கு இசைத்தட்டு இல்லை. பாட்டுப் புத்தகத்தில் அச்சடிக்கப் பாட்டு இல்லை. படம் பார்த்தவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழியே இல்லை. மேலும் டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்; சுருள் மாற்றும் போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள்; முறுக்கு, சோடா விற்பவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பாட்டும் நகைச்சுவையும் உள்ள படத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. இருட்டையே மூலதனமாகக் கொண்ட படத்துக்கு அது பெருந்தடை. அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச்சிந்தைப் பங்குனி உத்திரத்துக்கு நடந்துகொண்டே பாடி வளர்ந்த காதுக்கு, இரண்டு மணி நேரம் ஒரு பாட்டும் இல்லை என்பது பட்டினிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னர் தேசிய விருதுக் குழு படத்துக்கு நற்சான்றிதழ் அளித்தது, மறுவெளியீட்டில் கூட்டம் வந்தது, படம் நிலைத்துவிட்டது. ஆனால் வழி திறக்கவில்லை. பாடல் இல்லாத படம் என்று தேடினால் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), பி. சி. ஸ்ரீராமின் ‘குருதிப்புனல்’ (1995) என்று பத்தாண்டுக் கணக்கில் தாவித் தாவித்தான் செல்ல வேண்டியிருக்கிறது. பாலசந்தரே பிறகு எடுத்த ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964) ஆகிய மர்மப் படங்கள் தம்மளவில் நல்லவையே. எனினும் ‘அந்த நாள்’ போன்ற கண்டிப்பு அவற்றில் இல்லை என்பது என் எண்ணம்.

இனி முடிவைச் சொல்ல வேண்டும். மர்மப் படத்தின் முடிவைச் சொல்வது பண்பன்று என்பர். எழுபது ஆண்டு கடந்துவிட்டது. மேலும் முடிவைச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல இயலாது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தபின் மேலே படிக்கலாம்.

ராஜன் ஒரு துரோகி. தான் கண்டுபிடித்த வானொலி நுட்பத்துக்குத் தாய்நாட்டில் மதிப்பில்லை என்று மனம் கசந்தவன். மதித்த ஜப்பானுக்கு இரகசியங்களை அனுப்பி வருகிறான். முந்தின இரவு நகரத்தின் மேல் விழுந்த குண்டுக்கும் அவனுக்கும் தொடர்பு உண்டு. அதை அறிந்தவள் உஷா. கல்லூரிப் பருவத்தில் பழகி, விரும்பி மணந்தவள். தடுக்கிறாள், மன்றாடுகிறாள். கடைசியில் துப்பாக்கி அவள் கையிலிருந்துதான் வெடிக்கிறது.

பண்டரிபாயை அன்றைய இரசிகர் அறிந்தது சாந்தமே வடிவான பெண்ணாக. கணவன் எத்தகையவனாயினும் அவன் காலடியில் கிடப்பதுதான் திரையில் மனைவிக்கு இலக்கணமாக இருந்த காலம். கணவனுக்காக மதுரையை எரித்தவள் கதையைப் படித்து வளர்ந்த நாட்டில், ஊருக்காகக் கணவனைச் சுட்டவள் கதையை எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். படத்தின் கூரான இடம் பாட்டில்லாமை அன்று, இதுதான். ஐவரில் நாம் கடைசிவரை ஐயுறாதது யாரை? தாலி கட்டியவளை. அவளை நாம் ஐயுறாததற்குக் காரணம் அவள் நடத்தையன்று. மனைவி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று படங்கள் நமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்தையே பாலசந்தர் மர்மத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்திவிட்டார்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படம் 1954இல் எடுக்கப்பட்டது. கதை 1943இல் நடக்கிறது. இடையில் 1947 இருக்கிறது. ராஜன் துரோகம் செய்ததாகச் சொல்லப்படும் ‘நாடு’ அன்று யாருடையது? போர்க்கப்பலும் பீரங்கியும் வானொலி நிலையமும் வெள்ளைக்காரனுடையவை. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் பிடிபட்ட தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். கதை நடக்கும் நாளுக்குப் பத்தே நாள் கழித்து, 1943 அக்டோபர் 21ஆம் தேதி, ஜப்பானியர் துணையோடு நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று நாம் சொல்வதில்லை.

படம் இந்தச் சிக்கலைத் தொடவில்லை. ராஜன் நேதாஜிக்காக இதைச் செய்யவில்லை. அவனுடையது கொள்கையன்று, கசப்பும் ஆசையும் என்று காட்டித் தன்னைக் காத்துக்கொள்கிறது. குண்டு விழுந்தால் சாவது வெள்ளைக்காரன் அல்லன், சென்னையின் ஏழை மக்களே என்பது உஷாவின் பக்கத்து நியாயம். அது வலுவான நியாயம்; நான் அவள் பக்கம்தான். எனினும் சிவானந்தம் அணிந்திருக்கும் அதிகாரம் எந்த அரசுடையது என்று ஒரு பாத்திரமாவது கேட்டிருக்கலாம். தகுதியுள்ள ஓர் ஆராய்ச்சியாளனை மதிக்காமல் விரட்டியது யார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் இப்படத்தைத் திரையிட்டார்கள். முடிந்து விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவர், “அவள் ஏன் சுட வேண்டும்? போலீசில் சொல்லியிருக்கலாமே” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “யாருடைய போலீசில், அண்ணே?” என்று கேட்டார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் அந்த விவாதம் முடியவில்லை.